மேஜர் முடிவாகாமல் சேர்ந்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் போக முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் இதே பேச்சுதான். கல்லூரி கிடைத்துவிட்டது, கேட்ட மேஜர், அதாவது முதன்மைப் பாடப்பிரிவு, கிடைக்கவில்லை. அன்டிக்ளேர்டு (மேஜர் முடிவாகாதவர்) என்று போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் இரண்டாவதாகக் கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள். சேர்ந்துவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாமா? பெரும்பாலான இடங்களில் மே 1-க்குள் பணம் கட்டியாக வேண்டும் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றியது, கனடாவைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் பத்தில் எட்டு வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள். பிசினஸ், நர்சிங் பிரிவுகளிலும் கதை ஏறக்குறைய இதேதான்.

அன்டிக்ளேர்டாகச் சேர்ந்தால் எல்லா மேஜரும் நமக்குத் திறந்திருக்கும் என்று சொல்கிறார்களே?

அது எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது. எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் எல்லோருமே மேஜர் இல்லாமல்தான் சேர்கிறார்கள். எம்.ஐ.டி.யில் முதல் ஆண்டு முடிவில், ஸ்டான்ஃபோர்டில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மார்க்) கேட்க மாட்டார்கள். அங்கே இந்தக் கவலையே கிடையாது.

பர்டூ, டெக்சஸ் ஏ அண்ட் எம் மாதிரி இடங்களில் இன்ஜினியரிங் பிள்ளைகள் முதல் ஆண்டைப் பொதுவாகப் படித்துவிட்டுப் பிறகு மார்க்கை வைத்துப் பிரிவு வாங்குகிறார்கள். போட்டி கடுமைதான், ஆனால் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், எவ்வளவு எடுத்தால் கிடைக்கும் என்பதும் ஓரளவு வெளிப்படை.

சிக்கல் பெர்க்லி, வாஷிங்டன், இல்லினாய் போன்ற இடங்களில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களில் பெரும்பகுதியை ஹைஸ்கூலிலிருந்து வரும்போதே நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அன்டிக்ளேர்டாக வந்த பிள்ளைக்கு மிச்சம் இருப்பதுதான், மிச்சம் என்று ஒன்று இருந்தால். அட்மிஷன் கடிதத்தில் எல்லா இடத்திலும் ஒரே வார்த்தையைப் போட்டிருந்தாலும் உள்ளே நடப்பது இப்படி மூன்று விதமாக இருக்கிறது. உங்கள் கடிதம் எந்த வகை என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

"சேர்ந்துட்டா அப்புறம் பார்த்துக்கலாம், உள்ள போனவனை வெளியவா தள்ளப் போறான்" என்கிறார் என் மச்சான். சரியா?

வெளியே தள்ள மாட்டார்கள். வேறு மேஜரில் உட்காரவைப்பார்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, கல்லூரியையும் பிராஞ்சையும் ஒரே நாளில் முடித்துவிடுவோம். அதில் வளர்ந்த நமக்கு, கல்லூரி கையில் வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. இங்கே சில கல்லூரிகளில் உள்ளே போன பிறகு இரண்டாவது அட்மிஷன் ஒன்று இருக்கிறது, அதுவும் முதலாவதைவிடக் கஷ்டமானது.

பெர்க்லியில் என் அண்ணன் மகன் இப்படித்தான் சேர்ந்து சி.எஸ். வாங்கினான். இப்போதும் முடியுமா?

அவன் எந்த ஆண்டு சேர்ந்தான் என்று கேளுங்கள். 2023-க்கு முன்பு என்றால் அந்தக் கதையை அப்படியே மறந்துவிடுங்கள்.

அப்போது பெர்க்லிக்குள்ளேயே இருக்கும் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரியில் எந்த மாணவரும் சி.எஸ். 61ஏ, 61பி, 70 ஆகிய மூன்று பாடங்களையும் எடுத்து, அவற்றில் சராசரி 3.3 வாங்கினால் மேஜர் கையில். ஏ, பி பிளஸ், பி மைனஸ் என்று வந்தால் 3.33, உள்ளே. ஏ மைனஸ், பி பிளஸ், பி மைனஸ் என்று வந்தால் 3.23, வெளியே. ஒரே ஒரு மைனஸ்தான் வித்தியாசம். கொடுமையான முறைதான், ஆனாலும் கோடு எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும், தாண்டினால் யாரும் தடுக்க முடியாது. ஒரே செமஸ்டரில் 61ஏ பாடத்தில் மட்டும் இரண்டாயிரம் பேர் வரை சேர்ந்த காலம் அது. அவ்வளவு பேருக்குப் பாடம் நடத்த ஆசிரியரும் இல்லை, மேல் வகுப்புகளில் இடமும் இல்லை என்ற நிலை வந்ததும் விதியை மாற்றினார்கள்.

2023 ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் சேர்ந்தவர்களிலிருந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்றால் விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். வேறு மேஜரிலோ அன்டிக்ளேர்டாகவோ சேர்ந்தவர் உள்ளே இருந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் மார்க் இவ்வளவு எடுத்தால் உறுதி என்ற கோடு போய்விட்டது. முழு விண்ணப்பத்தையும் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள், இடமோ மிகக் குறைவு. அதே 2023 மே மாதம் கம்ப்யூட்டிங், டேட்டா சயின்ஸ், சொசைட்டி என்ற பெயரில் ஒரு புதுக் கல்லூரிக்குப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான ரீஜென்ட்ஸ் ஒப்புதல் கொடுத்தார்கள், பெர்க்லியில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் புதுக் கல்லூரி அது. கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் மூன்றும் இப்போது அங்கேதான். இன்ஜினியரிங் கல்லூரியில் இருக்கிற இ.இ.சி.எஸ். (எலெக்ட்ரிகலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பிரிவு) வேறு, அதற்குள் நடுவில் நுழைவது இன்னும் அரிது.

ஆகவே மூன்று பாடத்திலும் ஏ வாங்கிவிட்டால் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் பழைய விதியைச் சொல்கிறார் என்று அர்த்தம். இது பெர்க்லிக்கு மட்டும் அல்ல. எந்தக் கல்லூரியானாலும் பிள்ளை சேரப்போகும் ஆண்டுக்கான விதியைத் தேடிப் பாருங்கள். சீனியர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அவர்கள் ஆண்டின் விதி.

அப்படியென்றால் லிங்குவிஸ்டிக்ஸோ ஃபிலாசஃபியோ போட்டு உள்ளே நுழைந்துவிட்டு மாற்றிக்கொண்டால்?

இந்த யோசனையைச் சொல்லிக் காசு வாங்கும் கன்சல்டன்ட்களும் இருக்கிறார்கள். நேரடி அட்மிஷன் முறை வந்ததே பெரும்பாலும் இந்தப் பின்வாசலை மூடத்தான். அப்புறம், விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் குழந்தைகள் இல்லை. நாலு வருஷமாக ரோபாட்டிக்ஸ் கிளப், கோடைக்காலம் முழுக்க கோடிங் கேம்ப், ஏ.பி. (ஹைஸ்கூலிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம்) கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நிரப்பிவிட்டு மேஜர் கட்டத்தில் மட்டும் ஃபிலாசஃபி என்று எழுதினால் அவர்களுக்குப் புரியாதா?

லிங்குவிஸ்டிக்ஸ் உண்மையாகவே பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடட்டும், அதில் நாலு வருஷம் இருக்கவும் தயாராக இருக்கட்டும்.

டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் 3.75 எடுத்தால் போதுமாமே. ஏ கொஞ்சம், பி கொஞ்சம் என்று வாங்கினால் வந்துவிடாதா?

வராது. பென்சிலை எடுத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அங்கே இன்ஜினியரிங் பிள்ளைகள் ஜெனரல் இன்ஜினியரிங்கில் சேர்ந்து, முதல் ஆண்டு முடிவில் என்ட்ரி டு எ மேஜர் என்ற சுற்றுக்கு வருகிறார்கள், பிள்ளைகள் அதை 'ஈட்டாம்' என்பார்கள். ஜி.பி.ஏ. 3.75 இருந்தால் முதல் விருப்பம் தானாகக் கிடைக்கும் என்பது விதி. முன்பு இது 3.5 ஆக இருந்தது, நெரிசலால் ஏற்றினார்கள். ஒரு குறிப்பிட்ட பிரிவுக்கு இந்த ஆண்டு விதிவிலக்கு ஏதும் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏ அண்ட் எம்மில் பிளஸ், மைனஸ் கிடையாது. ஏ என்றால் 4, பி என்றால் 3, நடுவில் ஒன்றுமில்லை. கால்குலஸ் ஒன்று, இரண்டு, இரண்டுமே நாலு கிரெடிட் பாடங்கள். முதல் ஆண்டில் 32 கிரெடிட் எடுத்த பிள்ளை அந்த இரண்டில் மட்டும் பி வாங்கி மற்ற எல்லாவற்றிலும் ஏ வாங்கினால், 128 புள்ளியில் 8 போய் 120. 32-ஆல் வகுத்தால் சரியாக 3.75. தப்பித்தது. அதே பிள்ளை 30 கிரெடிட் மட்டும் எடுத்திருந்தால் 120-இல் 8 போய் 112, வகுத்தால் 3.73. தானாகக் கிடைக்கும் இடம் போச்சு, இனிமேல் மற்றவர்களோடு சேர்ந்து போட்டி. இரண்டு கிரெடிட் ஓரமாக ஏதோ ஒரு பாடம் எடுக்காததால் வந்த வித்தியாசம் இது. 32 கிரெடிட் எடுத்தால்கூட ஒரு ஆண்டு முழுக்க நாலு கிரெடிட் பாடங்களில் இரண்டு பி-க்குத்தான் இடம், மூன்றாவது பி வந்தால் கதை முடிந்தது என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், மே மாதம் தெரிந்து பயன் இல்லை.

பர்டூவில் இதே மாதிரி முறைக்கு 3.2 என்று கோடு வைத்திருந்தார்கள். கேட்க எளிதாக இருக்கும். முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி பரீட்சை வரும்வரை.

ஏ.பி.யில் கால்குலஸ் பி.சி. 5 வாங்கியிருக்கிறாள். கால்குலஸைத் தாண்டிப் போகலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஏ.பி. கிரெடிட்டுக்குக் கல்லூரியில் கிரேடு இல்லை, ஆகவே ஜி.பி.ஏ.யில் சேராது. தாண்டிவிட்டால் கணக்கில் சேரும் கிரெடிட் குறைகிறது, அப்போது வருகிற ஒவ்வொரு பி-யும் கூடுதலாகக் கடிக்கும். மேலும் தாண்டிப் போய் உட்காரப்போவது மல்ட்டிவேரியபிளில், சுற்றிலும் அதைத் தெரிந்துகொண்டே வந்த பிள்ளைகள். மறுபக்கம், ஏற்கெனவே தெரிந்த கால்குலஸை மறுபடி எடுத்தால் ஏ கிட்டத்தட்ட கையில் இருக்கிற மாதிரி, ஆனால் ஒரு செமஸ்டர் பின்னால் போகும், அடுத்தடுத்த பாடங்களும் அப்படியே தள்ளிப்போகும்.

மார்க்கை வைத்தே பிரிவு கொடுக்கும் கல்லூரி என்றால் பெரும்பாலும் திரும்ப எடுக்கத்தான் சொல்வேன். போன ஆண்டு இறுதிப் பரீட்சைத் தாளைக் கையில் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். எண்பதுக்கு மேல் வந்தால் தாண்டலாம். வராவிட்டால் திரும்ப எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் எப்படி?

அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையான ஆலன் ஸ்கூலில் இடம் கிடைப்பது ஹைஸ்கூலிலிருந்து நேரடியாகத்தான், மற்ற வழிகள் எல்லாம் ஒற்றையடிப் பாதை. வெளி மாநிலத்திலிருந்து கேட்கிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அந்த நேரடி இடமே கிடைக்கிறது. அங்கே கிடைக்காதவர்கள் வேறு மேஜரில் சந்தோஷமாக இருப்போம் என்றால் மட்டும் வரட்டும் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. நேர்மையான பேச்சு, எனக்குப் பிடிக்கும்.

இன்ஜினியரிங் அன்டிக்ளேர்டு என்று கடிதம் வந்திருந்தால் நிலைமை எவ்வளவோ மேல். ஏதாவது ஒரு இன்ஜினியரிங் மேஜர் கட்டாயம் கிடைக்கும். எது என்பதற்குத்தான் உறுதி இல்லை, அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸை நம்பி வரக் கூடாது. எலெக்ட்ரிகலோ இண்டஸ்ட்ரியலோ கிடைத்தாலும் சரி என்கிற பிள்ளைக்கு இது நல்ல இடம். ப்ரீ-சயின்ஸ் மாதிரி வெளியே இருக்கும் பிரிவில் கடிதம் வந்திருந்தால் அந்த உறுதியும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் என்ன கேட்க வேண்டும்?

"மேஜர் மாற்ற முடியுமா?" என்று கேட்காதீர்கள். முடியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பொய்யும் இல்லை. அந்தத் துறையின் அண்டர்கிராஜுவேட் அட்வைசருக்குப் பிள்ளையே மெயில் எழுதட்டும், இப்படி: "இந்த ஃபாலில் அன்டிக்ளேர்டாகச் சேர்கிறேன். எனக்குப் பொருந்தும் விதி எது? போன சுற்றில் உள்ளிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? எத்தனை தடவை விண்ணப்பிக்கலாம்? அதற்குத் தேவையான பாடங்களில் மேஜர் அல்லாதவர்களுக்கு இடம் கிடைக்கிறதா?" நாலு கேள்வி, அவ்வளவுதான்.

எண்ணோடு பதில் வந்தால் நல்ல அட்வைசர், பெயரைக் குறித்துவையுங்கள். "மாற்று மேஜர்களையும் யோசிக்குமாறு மாணவர்களை ஊக்குவிக்கிறோம்" என்று வந்தால் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள்.

நானே போன் பண்ணிப் பேசலாமா? மகனுக்கு இதெல்லாம் தெரியாது.

பொது விதியைக் கேட்கலாம். பையனின் மார்க்கையோ விண்ணப்பத்தையோ பற்றி ஒரு வார்த்தை பெயராது. 1974-இலிருந்து இருக்கிற ஃபெர்பா சட்டப்படி கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து அந்த உரிமை பிள்ளையுடையது, ஃபீஸ் கட்டுவது நீங்களாக இருந்தாலும் சரி. அட்வைசர் முன்னால் அம்மா அப்பா பேசுவது பிள்ளைக்கு உதவியாகவும் இருக்காது.

முதல் செமஸ்டரில் எத்தனை கஷ்டமான பாடம் எடுக்கலாம்?

இரண்டு. கணக்கும் புரோகிராமிங்கும் எடுத்துவிட்டு, மூன்றாவதாகப் படித்து எழுதும் பாடம் ஒன்று, கூட லேசாக ஒன்று. கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, புரோகிராமிங் நாலையும் ஒன்றாகத் தூக்கிப் பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஹைஸ்கூலில் முதலிடத்தில் இருந்தவர்கள், அதனால்தான் தூக்கப் பார்க்கிறார்கள். வாஷிங்டன் மாதிரி குவார்ட்டர் முறையில் பத்து வாரத்தில் பாடமே முடிந்துவிடும், மூன்றாவது நாலாவது வாரத்திலேயே மிட்டெர்ம் வந்து நிற்கும். தடுமாறினால் எழுந்து நிற்க நேரம் கிடையாது.

ஆஃபீஸ் அவருக்கு (ஆசிரியர் சந்தேகம் தீர்க்க ஒதுக்கும் நேரம்) முதல் வாரமே போகச் சொல்லுங்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் போகலாம், வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கைக் காட்டி இதை வேறு விதமாகப் போடலாமா என்று கேட்டால் போதும். மிட்டெர்முக்கு முந்தின நாள் போனால் வாசல்வரை வரிசை.

மார்க் குறைந்தால் திரும்ப எழுதிக்கொள்ளலாம்தானே?

அரியர் மாதிரி நினைக்காதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களில் சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து கிரேடை ஏற்ற முடியாது. பெரும்பாலும் தோற்றாலோ டி வாங்கினாலோதான் திரும்ப எடுக்கலாம். சுமாராகப் படித்தவனுக்கு வழியில்லை, சுத்தமாகக் கோட்டைவிட்டவனுக்கு வழியுண்டு என்ற விசித்திரமான நிலைமை.

அதேபோல் பாஸ்/நோ பாஸ் என்று மாற்றிக்கொண்டு ஜி.பி.ஏ.யைக் காப்பாற்றலாம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மேஜருக்குத் தேவையான பாடம் என்றால் பெரும்பாலும் லெட்டர் கிரேடுதான் செல்லும், பாஸ் என்று இருந்தால் எடுக்காத மாதிரிதான். நிலைமை மோசம் என்று தெரிந்தால் கெடுவுக்குள் பாடத்தை விட்டுவிடுவது நல்லது. ஒரு டபிள்யூ (பாடத்தை விட்டதாக விழும் குறி) யாரையும் கொல்லாது, மூன்று டபிள்யூ என்றால் கேட்பார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளை மட்டும் விடுவதற்கு முன்னால் இன்டர்நேஷனல் ஆஃபீஸில் கேட்டாக வேண்டும், 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் விசா நிலைக்கே ஆபத்து.

தேவையான பாடத்திலேயே இடம் கிடைக்கவில்லை, வெயிட்லிஸ்ட். என்ன செய்வது?

மேஜரில் இருப்பவர்களுக்கு முதலில் திறந்துவிடுவார்கள், அன்டிக்ளேர்டு பிள்ளைகள் கடைசியில். முதல் இரண்டு வாரத்தில் நிறையப் பேர் விட்டுப் போவார்கள். ஆகவே வெயிட்லிஸ்டில் இருந்தாலும் முதல் நாளிலிருந்து வகுப்புக்குப் போக வேண்டும், வீட்டுப்பாடமும் செய்ய வேண்டும். உள்ளே கூப்பிடும்போது இரண்டு அசைன்மென்ட் பின்னால் இருந்தால் அந்த இடம் கிடைத்தும் பயனில்லை. கோடை செமஸ்டரில் இடம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதே பாடத்தை எட்டு வாரத்தில் அடைத்து நடத்துவார்கள்.

உள்ளிருந்து விண்ணப்பிக்கும்போது ஸ்டேட்மென்டில் என்ன எழுத வேண்டும்?

"சிறுவயதிலிருந்தே எனக்குக் கம்ப்யூட்டர் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்குவதைப் படித்துப் படித்து அவர்களுக்குச் சலித்திருக்கும். ஹைஸ்கூல் சாதனைகளையும் விட்டுவிடலாம், அவற்றை ஒருமுறை பார்த்தாயிற்று. அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, வந்த பிறகு இங்கே என்ன செய்தாய் என்பதுதான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் எந்த ப்ராஜெக்ட், எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய், அதனால் அடுத்து என்ன பாடம் எடுக்க நினைக்கிறாய் என்று ஒரே விஷயத்தைக் கிட்டப் போய் எழுதினால் போதும். "ஹாஷ் டேபிள் எழுதினேன், சின்ன டேட்டாவில் ஓடியது, பெரியதில் ஊர்ந்தது, என் ஹாஷ் ஃபங்ஷன் பாதிச் சாவிகளை ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆயிற்று" என்று எழுதிய பிள்ளைக்கு ஆர்வம் என்ற சொல்லே தேவைப்படாது.

ஒரு பாடத்தில் மார்க் விழுந்திருந்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர வேண்டும். புலம்பல் வேண்டாம். சம்பளம், வேலைவாய்ப்பு பற்றிய பேச்சும் வேண்டாம், அது அவர்களுக்குத் தெரியாததல்ல.

நண்பனின் புரோகிராமைப் பார்த்து அசைன்மென்ட் முடித்தால் தெரியவா போகிறது?

தெரியும். மாஸ் என்று ஒரு மென்பொருள், 1994-இல் உருவானது, வேரியபிள் பெயரை மாற்றினாலும் வரிசையைக் குலைத்தாலும் இரண்டு புரோகிராம்கள் ஒன்றுபோல் இருப்பதைக் காட்டிவிடும். போன ஆண்டு மாணவர்களின் புரோகிராம்களோடும் ஒப்பிடுவார்கள். ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு இருக்கும் பிள்ளைக்கு, போட்டி உள்ள மேஜரில் இடம் கொடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

ஒருபக்கம் மேஜர் இல்லாமல் பெர்க்லி, மறுபக்கம் சான் ஹோசே ஸ்டேட்டில் நேரடியாக கம்ப்யூட்டர் சயின்ஸ். எதை எடுப்பது? வீட்டில் சண்டையே நடக்கிறது.

பிள்ளையிடம் இதை மட்டும் கேளுங்கள்: கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசிவரை கிடைக்காமலே போனால், அந்தக் கல்லூரியில் வேறு எதை நாலு வருஷம் படிப்பாய்? "காக்னிட்டிவ் சயின்ஸ், எனக்கு அதுவும் பிடிக்கும்" என்று உடனே பதில் வந்தால் பெர்க்லிக்கு அனுப்புங்கள். அப்ளைடு மேத் என்றாலும் சரி, கம்ப்யூட்டிங் பாடங்களையும் சேர்த்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. தோளைக் குலுக்கினால் சான் ஹோசே.

பேருக்காக பெர்க்லி போய், இரண்டு ஆண்டு கிடைக்குமா கிடைக்காதா என்று வயிற்றைக் கலக்கிக்கொண்டு, கடைசியில் பிடிக்காத ஒன்றில் பட்டம் வாங்குவதைவிட, கேட்டதை முதல் நாளிலிருந்து படிப்பது மேல் என்பது என் கட்சி. சிலிக்கன் பள்ளத்தாக்குக் கம்பெனிகளில் சான் ஹோசே ஸ்டேட்டில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஆஃபீஸிலேயே விசாரித்துப் பாருங்கள். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் பெர்க்லி என்ற பெயர் நன்றாகத்தான் இருக்கும், அந்தப் பக்கத்தை நான் மறுக்கவில்லை.

எஃப்-1 விசாவில் வரும் பிள்ளைக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, பெரிய வித்தியாசம். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம் எல்லோருக்கும் உண்டு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) பட்டமாக இருந்தால் மட்டும் மேலே 24 மாதம். எது ஸ்டெம் என்பதை முடிவு செய்வது மேஜரின் பெயர் அல்ல, விசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் ஐ-20 தாளில் இருக்கும் சி.ஐ.பி. கோடு, அதாவது பாடப்பிரிவுக்கான எண். சாதாரணப் பொருளாதாரம் என்ற கோடு ஸ்டெம் பட்டியலில் இல்லை, எகனோமெட்ரிக்ஸ் அண்ட் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் என்ற 45.0603 இருக்கிறது. ஒரே துறை, ஒரே ஆசிரியர்கள், கோடு மட்டும் வேறு, இரண்டு ஆண்டு வேலை அனுமதி வித்தியாசம். ஆகவே இரண்டாவது விருப்பமாக எதை வைத்தாலும் அதன் கோடு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மேஜர் மாறினால் ஐ-20-ஐயும் மாற்ற வேண்டும், அதையும் மறக்கக் கூடாது.

கம்யூனிட்டி காலேஜ் போய்விட்டு டிரான்ஸ்ஃபராக வரலாமா?

கலிஃபோர்னியாவில் இருந்தால் நிச்சயம் யோசிக்கலாம், நம்மவர்கள் கௌரவக் குறைச்சலாக நினைத்து இதை ஒதுக்குகிறார்கள். டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி இடங்களில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு வருபவர்களுக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபரில் முதல் முன்னுரிமை தருகின்றன. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறிலும் டாக் என்ற உத்தரவாத அட்மிஷனும் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றிலும் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸை உத்தரவாதத்திலிருந்து விலக்கிவைத்திருக்கும் வளாகங்களும் இருக்கின்றன, விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பது அசிஸ்ட் என்ற தளத்தில் பாடவாரியாக இருக்கிறது.

நாங்கள் ஸ்காபரோவில இருக்கிறம். மகனுக்கு யூ ஒஃப் ரி ஆர்ட்ஸ் அண்ட் சயன்ஸ் கிடைச்சிருக்கு. கொம்பியூட்டர் சயன்ஸ் பிறகு எடுக்கலாமோ?

ஓஃபர் கடிதத்தில் எந்த அட்மிஷன் கேட்டகரி என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். யூ ஒஃப் ரி, அதாவது டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டவுன்டவுன் வளாகத்தில் முதல் ஆண்டில் ஒருவருக்கும் புரோகிராம் கிடையாது, நாலு கிரெடிட் (அங்கே கிரெடிட் கணக்கு வேறு) முடித்த பிறகுதான் ஒரு ஸ்பெஷலிஸ்ட், அல்லது இரண்டு மேஜர், அல்லது ஒரு மேஜரும் இரண்டு மைனரும் என்று எடுப்பார்கள். கேட்க எல்லோருக்கும் சமம் மாதிரி இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டகரியிலேயே ஓஃபர் வாங்கியவர்களுக்குத் தனி வழி, வேறு கேட்டகரியிலிருந்து வருபவர்களுக்கு மிகச் சொற்ப இடம். மகனுடையது வேறு கேட்டகரி என்றால் ஸ்டாடிஸ்டிக்ஸோ கணிதமோ சம்மதமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். வான்கூவரில் யூ.பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்) சயின்ஸ் என்றால் முதல் ஆண்டு சராசரியை வைத்து இரண்டாம் ஆண்டுக்குப் பிரிவு கொடுக்கிறார்கள், அங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நெரிசல்தான்.

ப்ரீ-மெட் மேஜர் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

அப்படி ஒரு மேஜர் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் பாடங்களை முடித்தால் வரலாறு படித்தவரும் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தக் கூட்டத்தில் நிம்மதியாக இருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரு தடவை ரிஜெக்ட் ஆகிவிட்டது. இன்னும் முயல்வதா, விடுவதா?

இரண்டாவது வாய்ப்பு விதியில் இருந்தால் முயலலாம், ஆனால் காத்திருக்கும் செமஸ்டரில் இரண்டு மேஜருக்கும் பயன்படும் பாடங்களாக எடுக்க வேண்டும். லீனியர் ஆல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, டிஸ்க்ரீட் மேத் எல்லாம் எங்கே போனாலும் வீணாகாது. அப்பீல் என்று ஒன்று இருக்கும், புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் எழுதட்டும், "எனக்கு இது கனவு" என்பதற்காக எழுத வேண்டாம்.

எவ்வளவு நாள் இழுக்கலாம் என்பதற்கும் கல்லூரியே எல்லை வைத்திருக்கிறது. வாஷிங்டனில் 105 குவார்ட்டர் கிரெடிட் ஆகிவிட்டால் ஏதாவது ஒரு மேஜரை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குவார்ட்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் ஹோல்ட் விழும். அந்த நாளில் அவசரமாக எதையோ பிடிக்காமல், இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே மாற்று மேஜரின் அட்வைசரையும் ஒருமுறை பார்த்து, அங்கே சேர என்ன பாடம் பாக்கி என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.